தோற்றவர் வாங்கும் ரவா தோசை

ஜூன் 3, திங்கள்

பாத்ரூம் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் ஏகாம்பரம் "நாளைக்கு வரேம்மா" என்றார். அவருடைய நாளை எந்தக் காலண்டரிலும் வராது.

இந்த டைரி என் வீட்டுக்காரர் சேதுராமன் கொடுத்தது. அவர் வேலை பார்த்த கம்பெனி ஓய்வு பெற்றவர்களுக்கு வருஷா வருஷம் அனுப்புவது. ஜனவரியிலிருந்து அலமாரியில் கிடந்தது. "நாள் பூரா உடம்பைப் பத்தியே யோசிக்கறதுக்குப் பதிலா எதையாவது எழுதேம்மா" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு டைரி எழுதிப் பழக்கமில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதியதெல்லாம் எதை எதில் கலந்தேன், எவ்வளவு நேரம் வைத்தேன் என்ற வகைதான்.

சரி, அப்படியே ஆரம்பிக்கிறேன். பெயர் தமயந்தி. வயது அறுபத்து மூன்று. தொழில் செல் ஆராய்ச்சி, இப்போது ஓய்வு. நோய் மல்டிபிள் மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜையில் வரும் புற்று. வேடிக்கை என்னவென்றால் நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஆராய்ந்ததும் இதே நோயைத்தான். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் யாரும் சிரிக்க மாட்டேன் என்கிறார்கள். என்னோடு ஆராய்ச்சி செய்த குரு ஒருவன்தான் சிரித்தான். சிரித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனவன் ரொம்ப நேரம் கீழே வரவில்லை.

மஜ்ஜை மாற்று முடிந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நோய் அடங்கியிருக்கிறது. ராத்திரி ஒரு மாத்திரை மட்டும். ஆனால் அந்த ஒன்று போதும். கெண்டைக்காலை ஈரத்துணி மாதிரி முறுக்குகிறது, வயிற்றைப் புரட்டுகிறது, பகல் பூராவும் சோபாவில் படுக்க வைக்கிறது. ஜூலையில் டாக்டர் நஸ்ரீனைப் பார்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று அப்போது முடிவு செய்யலாம் என்றிருக்கிறாள். ஒரே ஒரு நாள் உடம்பு என்று ஒன்று இருப்பதையே மறந்து இருக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

ஜூன் 5, புதன்

குரு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தான். என் மஜ்ஜை மாற்று நடந்த சமயத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. அவன் மனைவி எஸ்தர் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருந்தாள்.

குருபாதம் பாளையங்கோட்டைக்காரன். நான் பி.எச்.டி. செய்தபோது அடுத்த மேஜைக்கு வந்து சேர்ந்தான். வந்த முதல் வாரமே என் முடிவு ஒன்றைத் தப்பு என்றான். "அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க, நீங்க சொல்லுதது சுத்த அபத்தம்" என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னான். அன்றிலிருந்து இன்றுவரை அக்கா, நீங்க, அபத்தம் என்ற இந்த மூன்றும் மாறவில்லை. இப்போது துறைத் தலைவர். டிசம்பரில் ஓய்வு.

எங்கள் சண்டையைப் பற்றி எழுதாமல் அவனைப் பற்றி எழுத முடியாது. மைலோமா செல்களின் மேல் ஒரு அடையாளப் புரதம் துருத்திக்கொண்டிருக்கும். அதை நான் குடுமி என்பேன். காந்தத் துகள்களை மஜ்ஜையில் கலந்தால் அவை போய்க் குடுமியைப் பிடித்துக்கொள்ளும். அதை ஒரு காந்தத்தின் நடுவே வைத்த குழாய் வழியாக விட்டால், குடுமிக்காரர்கள் எல்லோரும் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். மற்றவை கீழே வடிந்துவிடும். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் மாட்டியதை எடுத்து ஆராய்வோம், வடிந்ததைத் தொட்டியில் கொட்டுவோம். ஒருநாள் நான் கொட்டாமல் வளர்த்துப் பார்த்தேன். வடிந்ததுதான் முளைத்தது.

அன்றிலிருந்து நான் சொல்வது: மருந்து கொல்வது குடுமிக்காரர்களை மட்டும். குடுமியே இல்லாத மூலச் செல்கள் கொஞ்சம் மஜ்ஜைக்குள் ஒளிந்திருக்கின்றன. அடங்கிய நோய் திரும்பி வருவது அவற்றிலிருந்துதான். குரு சொல்வது: அப்படி எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து மஜ்ஜை வந்து சேரத் தாமதமானால் குடுமி தானாகவே உதிர்ந்துவிடும். "நீங்க பாத்தது புது ஆளு இல்லக்கா. மொட்ட போட்ட பழைய ஆளு."

பதில் சொல்ல வேண்டுமென்றால், நோய் அடங்கிய ஒருவரின் மஜ்ஜையை எடுத்த சூட்டோடு பிரிக்க வேண்டும். எங்கள் காலத்தில் அது வாய்க்கவில்லை. இப்போது பக்கத்து ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு செய்துவிட்டானாம், அனுமதியும் வந்துவிட்டதாம். "ரிட்டயர் ஆகறதுக்குள்ள இந்தச் சண்டைய முடிச்சிட்டுப் போறேன்" என்றான். மஜ்ஜை கொடுக்கச் சம்மதிப்பவர்கள்தான் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை.

"என்னோடதை எடுத்துக்கோயேன். ஜூலை செக்கப்புக்காக அடுத்த வாரம் எப்படியும் இடுப்புல குத்தி மஜ்ஜை எடுக்கப்போறாங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "அந்தப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்காமலே போய்விட்டான்.

ஜூன் 9, ஞாயிறு

நாள் முழுவதும் போனில் சண்டை. அவன் முடியாது என்கிறான், நான் கொடுத்தே தீருவேன் என்கிறேன். கடைசியில், "உனக்குப் பயம்டா, தோத்துடுவோம்னு" என்றேன். அதற்கு எப்போதும் எகிறுவான். இன்றைக்கு எகிறவில்லை. "சரிக்கா, எடுத்துக்கிடுதேன்" என்றான்.

சேது பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு விஞ்ஞானம் வராது, கணக்கு வரும்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணு புரியல. நீ சொல்றது சரின்னா அந்த செல்லு உன் உடம்புக்குள்ள இருக்கும். அப்போ வியாதி திரும்பி வரும். அப்படித்தானே?"

"ஆமாம்."

"குரு சொல்றது சரின்னா?"

"உள்ள எதுவும் மிச்சம் இருக்காது. பிழைச்சேன்னு அர்த்தம்."

"அப்ப உனக்கு ஜெயிக்கணுமா, பிழைக்கணுமா?"

பிழைக்கணும் என்று சொன்னேன். அவர் திரும்ப அவரைக்காயை எடுத்துக்கொண்டார். நான் அதைச் சொல்வதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தை அவர் கவனித்தாரா தெரியவில்லை.

ஜூன் 13, வியாழன்

குத்தியாயிற்று. மரத்துப்போக ஊசி போட்டாலும், உள்ளிருந்து உறிஞ்சும் அந்த ஒரு நொடிக்கு மருந்து கிடையாது. என் வேலைக்காலம் முழுக்க எத்தனையோ பேருடைய மஜ்ஜையைக் குழாயில் வாங்கி, "என்ன கொஞ்சமா அனுப்பியிருக்காங்க" என்று சலித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேண்டும்தான்.

குரு கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தான். ஆள் அனுப்பாமல் தானே வந்திருந்தான். கையில் தெர்மோகோல் பெட்டி. ஆனால் நர்ஸ் குழாயைக் கொடுத்ததும் பெட்டியில் வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினான். அறுபத்தொரு வயது ஆள், மூட்டு வலி வேறு. நான் குப்புறப் படுத்தபடி சிரித்ததில் நர்ஸ் பயந்துவிட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

இடுப்பு வலி. சேது சமையல். ரசத்தில் உப்பு இல்லை, பொரியலில் இருந்தது. கலந்து சாப்பிட்டால் சரியாக இருந்தது.

அந்தச் சட்டைப் பையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பழைய கூடத்தில் செல் வளர்க்கும் பெட்டி ஒன்றே ஒன்று இருந்தது. கதவு சரியாக மூடாது, ரப்பர் கயிற்றால் கட்டி வைத்திருப்போம். ஒரு நவம்பர் மாதப் புயலில் மின்சாரம் போய்விட்டது. நான் பெரம்பூரில் வீட்டில் மாட்டிக்கொண்டேன், தண்டவாளமெல்லாம் தண்ணீர். மூன்று மாதம் வளர்த்த செல்கள் குளிரில் செத்திருக்கும் என்று அழுதுகொண்டே மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். குரு பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். என் குடுவைகளைச் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு சேர்த்து, மேலே துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தான். ஆளுக்கு அசையப் பயம். "அக்கா, மெதுவா எடுங்க, எனக்குக் கூசுது" என்றான்.

அவனுடைய குடுவைகள்? பெட்டிக்குள்ளேயே இருந்தன. சட்டைக்குள் அவ்வளவுதான் இடம் என்றான்.

அந்தச் செல்களை வைத்துத்தான் அப்போது அவன் சொன்ன வேறொரு விஷயம் தப்பு என்று நிரூபித்தேன். அவனே அம்பாள் கபேயில் ரவா தோசை வாங்கிக் கொடுத்தான்.

ஜூன் 19, புதன்

மாத்திரை. வயிறு. ஏகாம்பரம் வரவில்லை. குருவிடமிருந்து போன் இல்லை. செல்கள் கிண்ணத்தில் வளரும்போது கேட்கக்கூடாது என்பது எனக்கே தெரியும். கேட்டேன். "பானையத் தொறந்து தொறந்து பாத்தா சோறு வேகாதுக்கா" என்று போனை வைத்துவிட்டான்.

ஜூன் 23, ஞாயிறு

ரவா தோசை விவகாரத்தை எழுதிவிட வேண்டும்.

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பின்பக்கம் அம்பாள் கபே. கல்லாவில் முதலில் டோக்கன் வாங்க வேண்டும், பிறகுதான் உட்கார வேண்டும். எங்கள் இருவருக்குள் ஒரு சட்டம்: எந்த விவாதத்திலும் தோற்றவர் கல்லாவுக்குப் போக வேண்டும், ஜெயித்தவர் போய் உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தபடி கல்லாவில் நிற்பவரின் முதுகைப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் தோசையில்கூடக் கிடையாது. "தோத்துட்டேன்" என்று வாயால் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. எழுந்து கல்லாப் பக்கம் நடந்தால் அதுவே ஒப்புதல். ஜெயித்தவர் காசு கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. கல்லாக்காரர் பலராமனுக்கே பழகிவிட்டது. "இன்னிக்கு மேடமா?" என்பார் என்னைப் பார்த்து.

நான் குடுமி இல்லாத செல்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டபோது, குரு அதே பத்திரிகைக்கு மறுப்பு எழுதி அனுப்பினான். முன்கூட்டி என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினான். அதனால் இன்னும் கோபம் வந்தது. அச்சில் வந்த அன்று எல்லோரும் அவன் பக்கம். மாதிரிகள் தாமதமாக வந்தவை என்பது உண்மை, என்னால் மறுக்க முடியவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவனோடு பேசவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவன் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். எழுந்து பின்னாலேயே வந்தான். நான் கல்லாவில் டோக்கன் வாங்கினேன். ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டு பேரும் தோசை தின்றோம். அவனுக்கு உள்ளே இறங்கவில்லை, எனக்குத் தெரிந்தது. எனக்கு நன்றாக இறங்கியது, கோபத்தில் எனக்குப் பசிக்கும்.

எவ்வளவு நல்ல காலம் அது! அப்போது யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஜூன் 27, வியாழன்

குரு கூப்பிட்டான். குரல் சரியில்லை.

"குடுமிக்காரங்க கிண்ணத்துல எதுவும் இல்லக்கா."

"வடிஞ்சது?"

"ஒண்ணு ரெண்டு கூட்டம் தெரியுது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவன் உடனே அவசர அவசரமாகப் பேசினான். "குதிக்காதீங்க. அது சாதாரண ரத்தச் செல்லாவும் இருக்கலாம். கைரேகை பாக்காம நான் எதையும் ஒத்துக்கிட மாட்டேன்."

அது நியாயம். ஒருவரின் மைலோமா செல்கள் எல்லாவற்றின் மரபணுவிலும் ஒரே மாதிரி ஓர் அடையாளம் இருக்கும், கைரேகை மாதிரி. என்னுடையது நோய் கண்டுபிடித்தபோதே எடுத்து வைத்திருக்கிறார்கள். முளைத்த கூட்டத்தில் அதே கைரேகை இருந்தால் அது என் புற்று. இல்லாவிட்டால் யாரோ அப்பாவி. முடிவு வர இரண்டு வாரம் ஆகும்.

படம் அனுப்பச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றான். பிறகு அனுப்பினான்.

ஜூன் 30, ஞாயிறு

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். வேகவைத்த ஜவ்வரிசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி, உருண்டையாக, ஓரம் மின்ன. எத்தனை வருஷம் ஆயிற்று இவற்றைப் பார்த்து! எனக்கு இவற்றைத் தெரியும். சொந்தப் பிள்ளையைக் கூட்டத்தில் முதுகை வைத்தே கண்டுபிடிப்பதில்லையா? சேதுவைக் கூப்பிட்டு, "பாருங்க, எவ்வளவு அழகு" என்று காட்டினேன்.

அவர் பார்த்தார். "இது உனக்குள்ள இருந்து வந்ததா?" என்று கேட்டார். நான் போனை மூடி வைத்தேன்.

உண்மையை எழுதுகிறேன், இதை யாரும் படிக்கப்போவதில்லை. நான் சரி என்றால் எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று காலையிலேயே யோசித்துவிட்டேன். தலைப்புகூட வைத்துவிட்டேன். அப்புறம் குளிக்கப் போனபோதுதான் பயம் வந்தது. ஒழுகும் குழாய்க்குக் கீழே பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, தோற்கவேண்டும், தோற்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

மாவு அரைத்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

ஜூலை 10, புதன்

தோற்றுவிட்டேன்!

குரு காலையில் கூப்பிட்டான். "அக்கா, கைரேகை சேரல. அது சாதாரண செல்லு. நீங்க தோத்துட்டீங்க" என்றான். மூன்று வாக்கியம், மனப்பாடம் செய்த பையன் ஒப்பிப்பது மாதிரி. நான் "நிஜமாவாடா?" என்றேன். "நிஜமாத்தான்க்கா. உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றான்.

சேதுவிடம் சொன்னேன். மனிதர் நேரே போய் ஷெல்ஃபைத் திறந்து சேமியாவை எடுத்தார். பாயசம் வைக்கிறாராம். நெய்யில் முந்திரியை வறுத்துக்கொண்டே அழுதார். முந்திரி கருகிவிட்டது. அந்தப் பாயசத்தை இரண்டு பேரும் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டோம்.

ஒரு ஓரத்தில் வலிக்கவும் செய்தது. வாழ்க்கை பூராவும் கட்டிக்கொண்டு அழுத ஒரு எண்ணம், தப்பு என்று ஆகிவிட்டது. உயிரோடு இருக்கப்போகிறவள் இதற்கு வருத்தப்பட்டால் யாராவது நம்புவார்களா? குரு நம்புவான்.

சனிக்கிழமை அம்பாள் கபே. வெளிச் சாப்பாடு ஒருநாள் சாப்பிட நஸ்ரீன் அனுமதித்துவிட்டாள். அவளிடமே சொல்லி மாத்திரையையும் நிறுத்திவிடப்போகிறேன்.

ஜூலை 13, சனி

அம்பாள் கபே அப்படியேதான் இருக்கிறது, சுவரில் பச்சை நிறம் மட்டும் மஞ்சளாகிவிட்டது. கல்லாவில் பலராமனின் மகன். முகம் அப்பாவுடையதே.

நான் கைக்குட்டையைப் புடவை நிறத்தில் பார்த்து எடுத்து, பர்ஸில் புதுத் தாளாக வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரிப் போயிருந்தேன். குரு எங்களுக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். "என்னடா, ஜெயிச்சவன் மூஞ்சியா இது?" என்றேன். சிரித்தான். சேது வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனார்.

உள்ளே நுழைந்தோம். எங்கள் பழைய மேஜை காலியாக இருந்தது. நான் பர்ஸைத் திறந்துகொண்டே திரும்பினேன். குரு பக்கத்தில் இல்லை. நேரே கல்லாவுக்குப் போயிருந்தான். முதுகு எனக்குத் தெரிந்தது. முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. மூன்று ரவா தோசை, மூன்று காபி என்று சொல்லி, மீதிச் சில்லறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டோக்கன்களோடு வந்து உட்கார்ந்தான். என்ன செய்தோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

பழக்கதோஷம். வயசாகிறது அவனுக்கும்.

நான் பர்ஸை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். சேது வந்து உட்கார்ந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை, நல்லதாகப் போயிற்று. தோசை முறுகலாக இருந்தது, மிளகு முழுசு முழுசாகக் கிடந்தது. புயல் கதையைச் சேதுவுக்குச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். குரு தோசையைப் பிய்த்துப் பிய்த்துச் சட்னியில் போட்டுக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது வண்டிக் கண்ணாடி வழியாகக் குனிந்து, "அக்கா, அந்த மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றான்.

"ஏன்? அதான் ஒண்ணுமில்லைன்னு சொன்னியே."

"சும்மா. இருந்துட்டுப் போகட்டும்."

வரும் வழியெல்லாம் சேது பழைய பாட்டை முணுமுணுத்தபடி வண்டி ஓட்டினார். பார்த்து ரொம்ப நாளாயிற்று அவரை இப்படி.

ஜூலை 14, ஞாயிறு

மழை. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 16, செவ்வாய்

டாக்டர் நஸ்ரீனிடம் போனோம். ரிப்போர்ட் எல்லாம் சுத்தம், அவர்களுடைய இயந்திரத்துக்கு எதுவும் அகப்படவில்லை. அகப்படாது.

"என்ன முடிவு பண்ணீங்க ஆன்ட்டி? நிறுத்திப் பாக்கலாமா?"

"வேண்டாம்மா. தொடர்ந்து போட்டுக்கறேன். அப்புறம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கறதை மூணு மாசமா வெச்சுக்கலாமா?"

அவள் என்னைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்துவிட்டு, சரி என்று எழுதினாள். வெளியே வந்ததும் சேது, "நிறுத்தப்போறேன்னு குதிச்சியே?" என்றார். பழகிவிட்டது என்றேன். அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பாட்டை முணுமுணுக்க உரிமை உண்டு. சொல்ல வேண்டிய நாளில் நானே சொல்வேன்.

ஏகாம்பரம் வந்து குழாயை மாற்றிவிட்டார். உள்ளே வாஷர் தேய்ந்திருந்ததாம். இந்த வீட்டில் ஒரு காரியமாவது முடிந்தது.

ஜூலை 20, சனி

குருவைத் தனியாக அம்பாள் கபேவுக்கு வரச் சொன்னேன். சேதுவிடம் நூலகம் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். முன்னாலேயே போய்விட்டேன். கல்லாவில் நின்றுகொண்டேன். அவன் உள்ளே வந்தபோது என் முதுகுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு டோக்கனை மேஜையில் அவன் முன்னால் வைத்தேன்.

"என்னக்கா இது?"

"நான்தானே தோத்தேன்? போன வாரம் நீ மாத்தி வாங்கிட்டே."

அவன் டோக்கன்களைப் பார்த்தான். அப்புறம் கல்லாவைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம்தான் அவனுக்குப் புரிந்தது. எத்தனையோ கருத்தரங்கில் எத்தனையோ பேரை மடக்கிப் பேசியவன், டோக்கன்களை என் பக்கமே திருப்பித் தள்ளினான்.

"அக்கா..."

"பேசாதே. நான் தோத்துட்டேன்னு சொன்னே, நான் டோக்கன் வாங்கிட்டேன். கணக்கு சரியாப் போச்சு. சேதுவுக்கும் இப்போதைக்கு நீ சொன்ன பதில்தான். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் நீ செய்யணும்."

"சொல்லுங்க."

"கட்டுரை எழுதறப்போ என் கிண்ணத்தை விட்டுடாதே. அதை விட்டுட்டு மத்தவங்களோடதை மட்டும் போடலாம்னு நினைச்சிருப்பே. உன்னை எனக்குத் தெரியும். என்ன வந்துதோ அதை அப்படியே எழுது."

தலையைக் குனிந்துகொண்டான். தோசை வந்தது. இரண்டு பேரும் தொடவில்லை. சர்வர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

"எத்தனையோ வருஷம் உங்ககூட மல்லுக்கட்டியிருக்கேன்" என்றான். "ஒரு தடவகூட நான் ஜெயிக்கணும்னு ஜெபம் பண்ணினது இல்லக்கா. கூடத்துல கடவுள இழுக்கக்கூடாதுன்னு இருந்தேன். இந்தத் தடவ பண்ணினேன். தினம் முழங்கால் போட்டேன். எஸ்தர் என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கைரேகை வந்த அன்னிக்கு, இயந்திரம் தப்புன்னு திரும்பப் போட்டேன். அப்புறம் மூணாவது தடவயும்."

அவன் அழுதான். அவ்வளவு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், துறைத் தலைவர், மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை இல்லாமல் அழுதான். என்னுடையதைக் கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது. பயம் ஒரு பக்கம். ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன்: ஜெயித்த சந்தோஷம் இருந்தது, கர்வம் இருந்தது, இவன் என் கட்சியில் இல்லாமலே இத்தனை வருஷம் என் பக்கத்தில் இருந்தான் என்ற நினைப்பு எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருந்தது.

"உதிர்ந்த குடுமி இல்லையே?" என்று கேட்டேன்.

"இல்லக்கா" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சட்டைப் பையிலேருந்து எடுத்தப்ப சூடு ஆறல. உதிர நேரமே இல்ல. நீங்க சொன்னது சரி. அன்னிக்கும் சரிதான்."

"அப்போ இனிமே அதைக் கொல்ல வழி பாரு. டிசம்பர் வரைக்கும் இருக்கு உனக்கு."

"அது இந்த மருந்துக்குச் சாகாதுக்கா."

"அபத்தம்."

நிமிர்ந்து பார்த்தான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏன் சாகாது என்று விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். நான் ஒவ்வொன்றையும் மறுத்தேன். சர்வர் இரண்டாவது தடவை வந்து, ஆறிப்போச்சு, வேறு போடவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆறின தோசையையே தின்றோம்.

இப்போது மணி ஒன்பது. மாத்திரை போட்டுக்கொண்டாயிற்று.